தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் அறை

இவ்வாரத் தியானப் பகுதி: தானியேல் 1, அப்போஸ்தலர் 22:1-3



கல்லூரிகள் திறக்கும் காலம் வந்துவிட்டது. இவ்வாண்டும் நம் சபையின் பிள்ளைகள் சிலர் பெட்டி கட்டிக்கொண்டு வெளியூர்களுக்குப் புறப்படுகிறார்கள். ஆராதனையின் முடிவில் அவர்களைப் பீடத்தண்டை அழைத்து, தலைமேல் கைவைத்து ஜெபித்து, ஆளுக்கொரு வேதாகமத்தைக் கொடுத்து வழியனுப்புகிறோம். தாய்மார் கண்ணீர் விடுகிறார்கள். நாமும் ஆமென் சொல்லி வீடு திரும்புகிறோம். அதன்பின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பிள்ளை எங்கே அமர்ந்திருக்கிறான், யாரோடு அப்பம் புசிக்கிறான் என்று நாம் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியோடு சில மாதங்களாகப் போராடிக்கொண்டிருந்தபோது, வேறொரு ஜனத்தின் சரித்திரம் எனக்கு உதவியாக வந்தது. கல்விக்காகத் தகப்பன் வீட்டைவிட்டுத் தூரம் போன யூதப் பிள்ளைகள், அந்நிய நகரங்களில் தங்கள் ஜனத்தை எப்படிக் கண்டடைந்தார்கள் என்பதே அந்தச் சரித்திரம். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. மனம் வருந்த வேண்டியதும் உண்டு.

எருசலேமில் கிடைத்த கல்

1913ஆம் ஆண்டு, ரேமண்ட் வேய் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் எருசலேமின் தாவீதின் நகரம் எனப்படும் பகுதியில் அகழாய்வு செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரு பழைய நீர்த்தொட்டிக்குள் கல் ஒன்று கிடைத்தது. அதில் கிரேக்க மொழியில் 10 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. கி.பி. 70இல் தேவாலயம் இடிக்கப்படுவதற்கு முன்பே அது எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அப்படியானால் நம் ஆண்டவரும் அப்போஸ்தலரும் நடமாடிய காலத்தை ஒட்டிய கல் அது.

தெயோதோத்து என்னும் ஆசாரியர் அந்தக் கல்வெட்டை வைத்தார். அவர் ஜெபஆலயத் தலைவர். அவருடைய தகப்பனும் பாட்டனும் அப்படியே. தாம் ஒரு ஜெபஆலயத்தைக் கட்டியதாகவும், நியாயப்பிரமாணத்தை வாசிப்பதும் கற்பனைகளைப் போதிப்பதும் அதன் நோக்கம் என்றும் அவர் அதில் அறிவிக்கிறார். அதோடு அவர் நிறுத்தவில்லை. வெளிநாடுகளிலிருந்து வந்து இடமின்றி இருப்போருக்காக ஒரு விருந்தினர் விடுதியையும், அறைகளையும், தண்ணீர் வசதிகளையும் செய்துவைத்ததாகக் கூறுகிறார்.

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். வேதத்தை வாசிக்கும் இடமும், அந்நியன் படுத்துறங்கும் அறையும், அவன் கால் கழுவும் தண்ணீரும் ஒரே கல்லில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கின்றன. வேதம் கற்பிக்க வேண்டுமானால், கற்க வருகிறவன் தங்குவதற்கு இடம் வேண்டும் என்று அந்த ஆசாரியர் அறிந்திருந்தார்.

அதே எருசலேமுக்கு, சிலிசியா நாட்டுத் தர்சு பட்டணத்திலிருந்து ஒரு மாணவன் வந்தான். சவுல் என்பது அவன் பெயர். தான் கமாலியேலிடத்தில் பயின்றவன் என்று பவுல் பிற்காலத்தில் சாட்சி சொல்வதை அப்போஸ்தலர் 22இல் வாசிக்கிறோம். அவருடைய சகோதரியின் குமாரன் எருசலேமில் இருந்ததை 23ஆம் அதிகாரத்தில் அறிகிறோம். சிலிசியா நாட்டாரும் சிரேனே, அலெக்சந்திரியா பட்டணத்தாரும் அந்நகரத்தில் கூடிவந்ததை 6ஆம் அதிகாரம் காட்டுகிறது. ஆக, நாம் பவுல் அப்போஸ்தலன் என்று அழைக்கிறவர், ஒரு காலத்தில் படிப்புக்காக வெளியூர் வந்த யூத மாணவர். சொந்த ஊராரும், உறவினர் வீடும், ஆசிரியரின் பாதமும் கிடைத்த மாணவர். அவருடைய நிருபங்களில் வேதவசனங்கள் ஊற்றெடுத்துப் பாய்வதற்குப் பின்னால், அவருக்கு இடம் கொடுத்த அந்த நகரமும் இருக்கிறது.

கூரையின்மேல் ஒரு மாணவன்

கமாலியேல், ஹில்லேல் என்னும் பெரிய ரபியின் பேரன் என்று யூத மரபு சொல்லுகிறது. அந்த ஹில்லேலும் வெளியூரிலிருந்து வந்தவரே. பாபிலோனிலிருந்து எருசலேமுக்குக் கற்க வந்த ஏழை அவர். அவரைக் குறித்துத் தால்மூதில் ஒரு கதை உண்டு.

ஹில்லேல் நாள்தோறும் கூலி வேலை செய்தார். கிடைத்த சிறு கூலியில் பாதியைக் கல்விச்சாலையின் வாயிற்காவலனுக்குக் கொடுத்தார். மறுபாதியில் குடும்பம் பிழைத்தது. ஒரு நாள் வேலை கிடைக்கவில்லை. காசு இல்லாதவனைக் காவலன் உள்ளே விடவில்லை. அது குளிர்காலம், ஓய்வுநாளுக்கு முந்தின மாலை. ஹில்லேல் கூரையின்மேல் ஏறி, வெளிச்சத்துக்காக விடப்பட்டிருந்த திறப்பின் ஓரத்தில் படுத்து, கீழே செமாயா, அப்தாலியோன் என்னும் இரு ஆசிரியர்கள் போதிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரவில் பனி பொழிந்தது. விடிந்தபோது, அறை ஏன் இவ்வளவு இருட்டாயிருக்கிறது என்று ஆசிரியர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திறப்பில் ஒரு மனித உருவம் தெரிந்தது. மேலே ஏறிப் பார்த்தால், மூன்று முழ உயரப் பனிக்குள் ஒருவர் கிடக்கிறார். அன்று ஓய்வுநாள். ஆயினும் அவரை இறக்கி, குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, நெருப்பின் முன் உட்காரவைத்தார்கள். இவருக்காக ஓய்வுநாளின் சட்டத்தை மீறுவது தகும் என்று தீர்மானித்தார்கள்.

இதைப் பெரும்பாலும் ஹில்லேலின் கல்வித் தாகத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கோ அந்த வாயிற்காவலன் நினைவுக்கு வருகிறான். அவன் தீயவன் அல்லன். தன் வேலையைச் செய்தான். உள்ளே தேவனுடைய வசனம் போதிக்கப்பட்டது. வெளியே அதை விரும்பியவர் உறைந்துகொண்டிருந்தார். வெளிச்சம் குறைந்த பிறகுதான் உள்ளே இருந்தவர்கள் மேலே பார்த்தார்கள்.

கையெழுத்திட முடியாதவர்கள்

இனி நமக்கு வருத்தம் தரும் பகுதிக்கு வருகிறேன். ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கிறிஸ்தவச் சபையின் மடியில் பிறந்தவை. அவற்றின் வாசல்களை யூதருக்கு நெடுங்காலம் அடைத்து வைத்தவர்களும் கிறிஸ்தவர்களே.

இத்தாலியின் பதுவா நகரப் பல்கலைக்கழகம் மருத்துவம் பயில யூதரை ஏற்றது. அக்காலத்தில் அது அரிய சலுகை. ஆனால் 1564இல் போப்பு நான்காம் பயஸ், பட்டம் பெறுகிற எவரும் கத்தோலிக்க விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்த அறிக்கையைத் தவிர்த்து யூதர் பட்டம் பெற, வெனிஸ் அரசின் கீழ் மாற்று வழிகளைத் தேட வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில், நம் முன்னோர் பலர் வளர்ந்த ஆங்கிலிக்கச் சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களுக்குக் கையெழுத்திட்டால்தான் கேம்பிரிட்ஜில் பட்டம் கிடைக்கும். ஆக்ஸ்ஃபோர்டிலோ சேரவே முடியும். ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் என்னும் யூத இளைஞர் 1837இல் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். அவர் கையெழுத்திடவில்லை, ஆகையால் பட்டமும் இல்லை. 1841இல் டப்ளின் சென்று அங்கே பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜ் தன் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது 1872இல். தேர்வெழுதி 35 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் அவர் உலகமறிந்த கணித மேதையாகிவிட்டிருந்தார்.

1869இல் நூமா ஹார்டாக் என்னும் மற்றொரு யூத மாணவர் அதே தேர்வில் முதலிடமே பெற்றார். அக்காலத்தில் சட்டம் சற்றுத் தளர்ந்திருந்ததால் அவருக்குப் பட்டம் கிடைத்தது. ஆனால் கல்லூரியின் ஆய்வாளர் பதவிக்கான வாசல் மதச் சோதனையால் அடைபட்டே இருந்தது. அவர் பிரபுக்கள் சபையின் குழுவுக்கு முன் சாட்சி சொன்னார். 1871 ஜூன் மாதம் அந்தச் சோதனைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. அதே மாதத்தில் ஹார்டாக் பெரியம்மை கண்டு இறந்துபோனார். அவருக்கு வயது 25. அவர் போராடித் திறந்த வாசலுக்குள் மற்றவர்கள் நுழைந்தார்கள்.

விசுவாச அறிக்கை நமக்கு அருமையானது. ஞாயிறுதோறும் எழுந்து நின்று அதைச் சொல்லுகிறோம். ஆனால் தேவனைத் துதிக்கத் தரப்பட்ட வார்த்தைகளை நம் முன்னோர் ஒரு பூட்டாகவும் பயன்படுத்தினார்கள். மனசாட்சிக்கு விரோதமாகக் கையெழுத்திட மறுத்த அந்த இளைஞர், பொய்யாய்க் கையெழுத்திட்ட பலரைக் காட்டிலும் தேவனுக்குப் பயந்தவர் என்று நான் எண்ணுகிறேன்.

பெயரைக் கேட்ட படிவம்

1880களிலிருந்து ரஷ்யப் பேரரசிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் துன்புற்ற யூதர் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் குடியேறினார்கள். தையல் கடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் பாடுபட்ட அந்தப் பெற்றோர் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1900இல் புதிதாய்ச் சேர்ந்த மாணவர்களில் யூதர் சுமார் 7 விழுக்காடு. 1922இல் அது 21 விழுக்காட்டைத் தாண்டியது.

அப்போது அதன் தலைவராயிருந்த ஏ. லாரன்ஸ் லோவெல், யூதர் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே முன்மொழிந்தார். பேராசிரியர் குழு அதை ஏற்கவில்லை. ஆனால் வெளிப்படையாகச் செய்ய முடியாதது சில ஆண்டுகளில் மறைவாக நடந்தது. மதிப்பெண்ணுக்கு மேலாகக் குணநலன் பார்க்கப்பட்டது, புகைப்படம் கேட்கப்பட்டது. 1922இல் வந்த விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: பிறந்தது முதல் உன் பெயரிலோ உன் தகப்பன் பெயரிலோ ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டதா?

தானியேலின் புத்தகம் உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா? பாபிலோனின் அரண்மனைக் கல்விச்சாலை எபிரெயப் பிள்ளைகளுக்குப் புதிய பெயர்களைச் சூட்டியது. தானியேல் பெல்தெஷாத்சாரானான், அனனியா சாத்ராக் ஆனான். நீ எங்களில் ஒருவனாக வேண்டுமானால் பெயரை மாற்றிக்கொள் என்றது அந்த அரசு. இங்கேயோ, எங்களைப்போலாக நீ பெயரை மாற்றியிருந்தால் அதையும் கண்டுபிடிப்போம் என்றது படிவம். உள்ளே நுழைந்த பின்னரும் நிலைமை பெரிதாய் மாறவில்லை. மாணவர் வாழ்வின் மையமாயிருந்த சகோதர சங்கங்கள் பல யூதரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதி உண்டு, நூலகம் உண்டு. மேசையில் மட்டும் இடம் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வாலிபனுக்கு இரண்டு சோதனைகள் வரும். தன் வேரை மறைத்து வாழலாம். அல்லது கசப்போடு ஒதுங்கலாம். ஹார்வர்டின் சில யூத மாணவர்கள் மூன்றாவது வழியைத் தேடினார்கள். 1906இல், லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஹென்றி ஹர்விட்ஸ் என்னும் மாணவரும் அவர் நண்பர்களும் மெனோரா சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆசரிப்புக் கூடாரத்தில் எரிந்த குத்துவிளக்கின் எபிரெயப் பெயர் அது. யூத வரலாற்றையும் இலக்கியத்தையும் சிந்தனையையும் கூடிப் படிப்பதே அதன் நோக்கம். பிற கல்லூரிகளிலும் அது பரவி, 1913இல் கல்லூரிகளிடை அமைப்பாக வளர்ந்தது. நாங்கள் பிறந்த வீட்டில் வெட்கப்பட எதுவும் இல்லை, கற்க எவ்வளவோ இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அந்நியமான இடம் அவர்களைத் தங்கள் சொந்தப் புத்தகத்தினிடத்திற்குத் திருப்பி அனுப்பியது.

ஒரு கிறிஸ்தவப் பேராசிரியரின் கவலை

1920களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சான்சி பால்ட்வின் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் இருந்தார். அவர் கிறிஸ்தவர். வேதாகமத்தை இலக்கியமாகப் போதித்துவந்தார். அவருடைய மாணவர்களில் யூதப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஏசாயாவும் யோபும் பிறந்த ஜனத்தின் பிள்ளைகள், அந்தப் புத்தகங்களைப் பற்றி மிகக் குறைவாகவே அறிந்திருந்ததைக் கண்டு அவர் மனம் வருந்தினார். யூதத் தலைவர்களிடம் இதை எடுத்துச் சொன்னார். உங்கள் பிள்ளைகளுக்கு ஏதேனும் செய்யுங்கள் என்று வற்புறுத்தினார்.

அந்தக் கவலை ஓர் இளைஞரிடம் பலன் கொடுத்தது. பெஞ்சமின் ஃப்ராங்கல், சின்சினாட்டியிலுள்ள எபிரெய யூனியன் கல்லூரியில் பயின்ற இளம் ரபி. பல்கலைக்கழகம் அமைந்திருந்த ஷாம்பேன் ஊரின் சிறிய யூதச் சபையில் ஊழியம் செய்தவர். 1923இல் அவர் மாணவருக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதற்கு அவர் தெரிந்துகொண்ட பெயர், ஹில்லேல். பனியில் புதைந்த அந்த ஏழை மாணவரின் பெயர்!

அடுத்த ஆண்டே, 1843இல் நியூயார்க்கில் குடியேறிகள் தொடங்கிய பினாய் பிரித் என்னும் யூதச் சங்கம் அந்த முயற்சியைத் தன் பொறுப்பில் ஏற்றது. விஸ்கான்சின், ஒஹாயோ, மிச்சிகன் என்று பிற பல்கலைக்கழகங்களிலும் ஹில்லேல் இல்லங்கள் எழும்பின. ஃப்ராங்கலோ 1927இல், ஏறத்தாழ 30 வயதில், இறந்துபோனார். அவர் இட்ட விதையை, அதே பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர் ஆப்ராம் சக்கார் வளர்த்தார். பிற்காலத்தில், 1948இல் தொடங்கிய பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானவரும் அவரே. இன்று உலகின் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் ஹில்லேல் இருக்கிறது.

உங்களில் சிலர் என்னிடம் கேட்கக்கூடும்: ஐயா, அந்தக் கிறிஸ்தவப் பேராசிரியர் அந்தப் பிள்ளைகளுக்குச் சுவிசேஷத்தை அல்லவா அறிவித்திருக்க வேண்டும்? அவர்களை ரபியிடம் அனுப்பியது சரியா?

இது நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். சுவிசேஷத்தைக் குறித்து நான் வெட்கப்படுகிறவன் அல்லன். ஆனால் வீட்டைவிட்டு வந்து, மேசையில் இடமின்றி நிற்கிற ஓர் இளைஞனின் தனிமையைத் தூண்டிலாக்குவது ஊழியம் ஆகாது. நாம் காட்டொலிவக் கிளைகளாய் ஒட்டவைக்கப்பட்டவர்கள் என்றும், வேர் நம்மைச் சுமக்கிறதேயன்றி நாம் வேரைச் சுமக்கவில்லை என்றும் ரோமர் 11இல் அப்போஸ்தலன் நமக்கு நினைப்பூட்டுகிறார். அந்த வேருக்கு உரிய பிள்ளைகள் தங்கள் வேரை மறந்து வாடும்போது, ஒட்டவைக்கப்பட்ட ஒரு கிளை அதற்காகத் துக்கப்பட்டது. நூற்றாண்டுகளாய்ச் சபை அடைத்துவைத்த வாசலுக்கு அருகே ஒரு கிறிஸ்தவன் நின்று, உள்ளே வா என்று சொல்வதற்கு முன், உன் வீட்டார் உன்னைத் தேடட்டும் என்றான். கிறிஸ்துவின் மாதிரியை நான் அதிலே காண்கிறேன்.

பத்துப் பேர்

ஹில்லேல் இல்லங்களில் என்ன நடந்தது? பெரிதாய் ஒன்றுமில்லை என்றே தோன்றும். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றி ஓய்வுநாளை வரவேற்றார்கள். அவர்களுடைய முறைமைக்கேற்ற உணவைப் பகிர்ந்தார்கள். பஸ்கா இரவில் யாத்திராகமத்தின் கதையை மேசையைச் சுற்றி அமர்ந்து சொன்னார்கள். எபிரெயம் கற்றார்கள், வாதிட்டார்கள், பாடினார்கள்.

ஆனால் யூத முறைமை ஒன்றை அறிந்தால் இதன் ஆழம் புரியும். அவர்களுடைய சபை ஜெபத்துக்குக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். அதற்கு மின்யான் என்று பெயர். பழைய மரபில் பத்து ஆண்கள். இன்று பல பிரிவுகளில் பெண்களையும் எண்ணுகிறார்கள். ஒருவனுடைய தகப்பனோ தாயோ இறந்தால், அவன் 11 மாதங்கள் கதீஷ் என்னும் ஜெபத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஜெபத்தில் மரணத்தைக் குறித்து ஒரு வார்த்தையும் இல்லை. தேவனுடைய நாமம் மகிமைப்பட வேண்டும் என்பதே அதன் பொருள். அதைத் தனியே சொல்ல முடியாது. பத்துப் பேர் கூடியிருக்கும்போதே சொல்ல முடியும்.

ஊரிலிருந்து தந்தி வருகிறது, தகப்பன் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய அந்த மாணவன் தகப்பனுக்காக ஜெபிக்க வேண்டுமானால், அந்தக் கல்லூரியில் இன்னும் ஒன்பது பேர் வேண்டும். அவர்கள் அவனுக்கு நண்பர்களாக இருக்க வேண்டியதில்லை. அவன் தகப்பனை அறிந்திருக்கவும் வேண்டியதில்லை. எழுந்து வந்து நிற்க வேண்டும். ஆமென் சொல்ல வேண்டும். தேர்வுக்கு முந்தின நாளிலும் ஒன்பதாவது ஆளாக ஒருவன் வந்து நின்றால், துக்கப்படுகிறவனின் வாய் திறக்கும்.

ஐக்கியம் என்ற சொல்லை நாம் அடிக்கடி உச்சரிக்கிறோம். அதை ஓர் இனிய உணர்வாகவே நினைக்கிறோம். இந்த முறைமையில் அது ஓர் எண்ணிக்கை. நீ வராவிட்டால் ஒன்று குறைகிறது. உன் சகோதரன் ஜெபிக்க முடியாமல் நிற்கிறான். நம் ஆண்டவர், தம் நாமத்தில் இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும் என்று எண்ணிக்கையைக் குறைத்தார். ஆனாலும் ஒன்று என்று அவர் சொல்லவில்லை.

புடாபெஸ்ட்டிலிருந்து வந்தவர்

இன்னும் ஒருவரைக் குறித்துச் சொல்லி முடிக்கிறேன். டாம் லாண்டோஸ் 1928இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் பிறந்தார். நாசிப் படைகள் அந்நாட்டைப் பிடித்தபோது அவருக்கு வயது 16. கட்டாய உழைப்பு முகாமிலிருந்து தப்பி, சுவீடன் நாட்டுத் தூதர் ராவுல் வாலன்பெர்க் ஏற்படுத்திய பாதுகாப்பு வீடொன்றில் அடைக்கலம் பெற்றார். யுத்தம் முடிந்து தேடியபோது, தாயும் குடும்பத்தாரில் பெரும்பாலானோரும் கொல்லப்பட்டிருந்தார்கள்.

1947இல் ஹில்லேல் அமைப்பின் கல்வி உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரம் படிக்கப் போனார். வீடு இழந்தவருக்கு, முகமறியாத மாணவர்களின் அமைப்பு ஒரு வாசலைத் திறந்தது. பின்னர் அவர் அமெரிக்கக் காங்கிரஸின் உறுப்பினரானார். நாசிகளின் இனப்படுகொலையிலிருந்து தப்பியோரில் அந்த அவையில் பணியாற்றியவர் அவர் ஒருவரே. 2008இல் மரிக்கும்வரை மனித உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தார்.

அந்தப் படுகொலை நடந்த தேசங்களில் ஆலய மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தன என்பதை நாம் மறக்கலாகாது. அடைத்த கதவுகளின் வரலாறு கையெழுத்தில் தொடங்கினாலும், அங்கேயே நின்றுவிடவில்லை.

நமக்குச் சொல்லப்படுவது என்ன?

பிரியமானவர்களே, இப்போது என் குறையை உங்களிடம் அறிக்கையிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையின் ஒரு வாலிபன் பட்டப்படிப்புக்காகத் தூரத்து நகரம் ஒன்றுக்குப் போனான். நான் ஜெபித்து அனுப்பினேன். மூன்றாண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவன் ஆராதனைக்கு வரவில்லை. வீட்டுக்குச் சென்று விசாரித்தேன். அவன் மரியாதையோடு சொன்னான்: “ஐயா, முதல் ஆறு மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் அங்கே ஆலயத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை. ஏழாம் மாதம் போகவில்லை. நான் வராததையும் ஒருவரும் கவனிக்கவில்லை.”

அந்த நகரத்துச் சபையை எண்ணி எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று நம் ஆலயத்தைப் பார்த்தேன். கடைசி வரிசையில், நம் ஊர்க் கல்லூரியில் படிக்கிற வெளிமாநிலப் பிள்ளைகள் நால்வர் அமர்ந்திருந்தார்கள். தமிழ் புரியாமலே பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்திருந்தார்கள். அவர்கள் எத்தனை மாதமாக வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரின் பெயரும் எனக்குத் தெரியாது. வாயிற்காவலன் தூரத்தில் இல்லை. அங்கி தரித்து நானே நின்றுகொண்டிருந்தேன்.

தானியேல் பாபிலோனில் நிலைத்து நின்றதை அவனுடைய தைரியமாகவே பிரசங்கித்து வந்திருக்கிறேன். வேதம் இன்னொன்றையும் சொல்லுகிறது. அவனோடு மூவர் இருந்தார்கள். மரக்கறி உணவு கேட்டபோது நால்வருக்காகவும் கேட்டான். ராஜாவின் சொப்பனத்தால் உயிருக்கு ஆபத்து வந்தபோது, வீட்டுக்குப் போய்த் தோழருக்கு அறிவித்து, அவர்களோடு சேர்ந்து தேவனிடம் இரக்கம் கேட்டான். தனித்து நின்ற தானியேலை வேதம் நமக்குப் பிற்பாடுதான் காட்டுகிறது. வாலிபத்தில் அவனுக்கு ஒரு வீடும் மூன்று தோழரும் இருந்தார்கள்.

ஆகவே சபையாகிய நாம் சில எளிய காரியங்களைச் செய்வோம். வெளியூர் செல்லும் ஒவ்வொரு பிள்ளையின் கல்லூரியையும் விடுதியையும் சபைப் பதிவேட்டில் எழுதுங்கள் என்று செயலாளரைக் கேட்டிருக்கிறேன். அந்த ஊர்ப் போதகருக்கு, பிள்ளையின் பெயரைச் சொல்லி நானே கடிதம் எழுதுவேன். மாதத்தின் முதல் ஞாயிறு, நம் ஊரில் படிக்கிற வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் மதிய உணவு கொடுப்போம். பிரியாணி வேண்டியதில்லை, சோறும் குழம்பும் போதும். அவர்களை உட்காரவைத்து, பெயரைக் கேளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

புறப்படுகிற பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களைத் தேடி ஒருவரும் வராவிட்டால், நீங்களே இன்னொருவனைத் தேடிப் போங்கள். ஹார்வர்டின் அந்த மாணவர்கள் மூத்தோருக்காகக் காத்திருக்கவில்லை. உங்கள் விடுதியில் உங்களைப்போலவே ஒருவன் ஞாயிறு காலையில் படுக்கையில் விழித்துக் கிடக்கிறான். அவன் கதவைத் தட்டுங்கள். அவன் வேறு மதத்தானாயிருந்து தன் பண்டிகை நாளில் தனித்திருந்தாலும் தட்டுங்கள். அவன் பண்டிகையை அவன் கொண்டாட உதவுங்கள்.

தெயோதோத்து கட்டிய ஜெபஆலயம் இன்று இல்லை. அதன் சுவர்கள் இடிந்தன; அறைகள் மண்ணாயின. அவர் தம் கல்லில் ஜெபஆலயத்தின் அழகையோ உயரத்தையோ எழுதவில்லை. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அறையும் தண்ணீரும் உண்டு என்பதை எழுதினார். நம் ஆலயத்தின் அஸ்திபாரக் கல்லில் கட்டியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதை வாசிக்கும்போதெல்லாம், அந்த வரி நம்மிடம் இல்லையே என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஜெபம்: ஆபிரகாமின் தேவனே, அந்நியரை நேசிக்கிற பிதாவே, உம்முடைய முதல் ஜனத்தின் பிள்ளைகளுக்கு எங்கள் முன்னோர் அடைத்த கதவுகளை எங்களுக்கு மன்னியும். வீட்டைவிட்டுத் தூரம் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மேசையையும் தோழரையும் தாரும். எங்கள் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறவர்களின் பெயர்களை எங்களுக்குக் கற்றுத்தாரும். நசரேயனாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்